மூலக்கதையும் கிளைக்கதையும்

நெடுங்காலம் தொடர்ந்து வரும் கதை எதுவும் ஒரே தண்டாக வளர்ந்து நின்றதில்லை. வளர வளர அது கிளை விடும். மூலக்கதையிலே ஒரு மூலையில் நின்றவர் வேறொரு கதைக்குத் தலைவராவார். ஓரிடத்தில் இரண்டொரு சொல்லில் குறிக்கப்பட்ட நிகழ்ச்சி தனி நூலாக விரியும். மூலத்தோடு மாறுபட்டவர் அதற்கு மறுமொழியாக மற்றொரு கதையைக் கட்டுவார். இவ்வாறு பிறக்கும் கிளைக்கதைகளுக்கு ஒரு நீண்ட கதைமரபிலே என்ன வேலை? அவை மூலத்தைத் தாங்குகின்றனவா, அல்லது அதன் சாரத்தை உறிஞ்சுகின்றனவா? மாணவ நண்பர்களோடு சேர்ந்து இன்று நான் ஆராய விரும்பும் பொருள் இதுவே.

இந்தக் கேள்வி உங்களுக்குப் புதியதன்று. உங்களிற் பலர் விரும்பி ஆடும் வீடியோ விளையாட்டுகளிலே இதனை நாள்தோறும் காண்கிறீர்கள். ஜப்பான் நாட்டுக் கியோட்டோ நகரில் 1889-ஆம் ஆண்டு சீட்டுக்கட்டுச் செய்யும் தொழிலாகத் தொடங்கியது நின்டெண்டோ என்னும் நிறுவனம். அது 1981-ஆம் ஆண்டு 'டாங்கி காங்' என்ற விளையாட்டை வெளியிட்டது. சிகெரு மியாமோட்டோ என்பவர் அமைத்த அவ்விளையாட்டில், பெரிய குரங்கு ஒன்று தூக்கிச் சென்ற மங்கையை மீட்பதற்காக ஏணிகளில் ஏறியும், உருண்டு வரும் பீப்பாய்களைத் தாண்டியும் செல்லும் தச்சன் ஒருவன் வருகிறான். தாவுகின்ற மனிதன் என்று பொருள்படும் பெயரே முதலில் அவனுக்கு இருந்தது. பின்னர் அவன் மரியோ என்று பெயர் பெற்றான். 1985-இல் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' வெளிவந்தபோது ஒரு பெருந்தொடரின் தலைவனாகவே ஆகிவிட்டான். அத்தொடரிலிருந்து கிளைகள் பல புறப்பட்டன. 1990-இல் அவன் மருத்துவனாகி மாத்திரைகளை அடுக்கினான். 1992-இல் வண்டிப் பந்தயத்திலே ஓடினான். 2001-இல் அவனுடைய தம்பி லூயிஜி, பேய்கள் உலவும் மாளிகை ஒன்றில் அண்ணனைத் தேடிச் செல்லும் தனி விளையாட்டுக்குத் தலைவன் ஆனான்.

இவற்றைக் கண்டு முதியவர் சிலர், "காசு சேர்க்கும் வழி" என்று சொல்லி ஒதுக்கிவிடுகின்றனர். அதிலே ஓரளவு உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் முழு உண்மை அதுவன்று. கிளைக்கதை என்பது வணிகம் தோன்றிய பின்னர் வந்த புதுச்சரக்கு அன்று. நம் தமிழ் மொழியிலே காப்பியங்கள் எழுந்த காலந்தொட்டு அது வேலை செய்து வருகிறது. அந்த வேலை இன்னதென்று காட்டுவதற்கு, காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தை நான் தேர்ந்துகொண்டேன்.

காஞ்சி என்றவுடன் கோயில்களும் பட்டுச் சேலைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. அந்நகரின் ஓரத்திலே, வேகவதி ஆற்றங்கரையில் இருக்கிறது திருப்பருத்திக்குன்றம். சமணர் வாழ்ந்த பகுதியாதலால் சினகாஞ்சி என்ற பெயரும் இதற்கு உண்டு. இங்கே சந்திரப்பிரபர் கோயிலும், வர்த்தமானர் எழுந்தருளிய திரைலோக்கியநாதர் கோயிலும் அருகருகே நிற்கின்றன. பெரிய கோயிலின் முன்புறத்தில் உள்ள சங்கீத மண்டபத்தை 1387-88-ஆம் ஆண்டளவில் கட்டுவித்தவர், விசயநகரப் பேரரசில் அமைச்சராகவும் படைத்தலைவராகவும் விளங்கிய இருகப்பர். அவருக்கு ஆசிரியர் புட்பசேன முனிவர். புட்பசேனருக்கு ஆசிரியர் மல்லிசேன வாமனர். இந்த வாமனரின் பெயரை நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள். சற்றுப் பின்னர் அவர் நமக்கு வேண்டும்.

கிளைக்கதையின் முதல் வேலை, மூலம் பேசாமல் விட்டவர்களைப் பேச வைப்பது. இதற்குத் தமிழில் மணிமேகலையைக் காட்டிலும் சிறந்த சான்று இல்லை. சிலப்பதிகாரத்திலே மணிமேகலை, கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த பெண்குழந்தை. அவளுக்குப் பெயரிட்ட செய்தியும், இறுதியில் அவள் துறவு பூண்ட செய்தியும் வருகின்றன. அவ்வளவே. அந்தச் சிறுமியைச் சாத்தனார் எடுத்து, முப்பது காதைகள் கொண்ட ஒரு காப்பியத்துக்குத் தலைவியாக்கினார். காதலும் ஊழும் அரசநீதியும் பேசிய மூலத்திலிருந்து, பசிப்பிணி தீர்த்தலையும் துறவையும் பேசும் புதிய காப்பியம் பிறந்தது. ஒரு விளையாட்டுத் தொடரிலே பக்கத்தில் நின்ற தம்பியை முன்னே நிறுத்தி, ஆட்டத்தின் இயல்பையும் மாற்றுகிறார்கள் அல்லவா? முறை அதுவே. ஆனால் சாத்தனார் அதனோடு நின்றுவிடவில்லை.

மணிமேகலை வஞ்சிமாநகர் சென்று, அங்கே கோயில் கொண்டிருக்கும் கண்ணகியை வணங்குகிறாள். கண்ணகியின் படிமம் அவளோடு பேசுகிறது. சினத்தால் மதுரையைச் சுட்ட வினை தன்னை விடாது என்றும், வானுலக இன்பம் முடிந்தபின் அதன் பயனை நுகர்ந்தே தீரவேண்டும் என்றும் அது சொல்கிறது. சிலம்பைப் படித்து முடித்தபோது நாம் கேட்க நினைத்துக் கேளாது விட்ட ஒரு கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. மதுரை எரிந்தது நீதியாயின், அந்த நெருப்பால் விளைந்த வினை யாரைச் சாரும்? மூலத்திலே கண்ணகி தெய்வமாகிவிட்டாள். கிளையிலே அவளும் வினைக்கு உட்பட்டவள் ஆகிறாள். மூலத்தைப் புகழ்ந்துகொண்டே அதனை மீண்டும் எண்ணிப் பார்க்கச் செய்வது நல்ல கிளைக்கதையின் இயல்பு. மணிமேகலையின் பயணம் முடிவதும் நம் காஞ்சியிலேதான். வற்கடத்தால் வாடிய கச்சிமாநகர் மக்களுக்கு அமுதசுரபியால் உணவளித்து, அறவண அடிகளிடம் அறங்கேட்டு, அந்நகரிலேயே அவள் நோன்பிருந்தாள் என்று காப்பியம் நிறைவுறுகிறது.

கிளைக்கதையின் இரண்டாவது வேலை, புதியவர்க்கு வாயில் திறப்பது. வில்லிபுத்தூரார் பாரதத்தில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் உள்ளன. புலமை உடையவர்க்கு அது விருந்து. எழுத்தறியாத உழவரும் நெசவாளரும் என்செய்வர்? அவர்களுக்கென அல்லி அரசாணி மாலையும் பவளக்கொடி மாலையும் எழுந்தன. மதுரையை ஆண்ட அல்லியை வியாசர் பாரதத்திலே தேடினால் காணமுடியாது. அருச்சுனன் என்ற மூலப்பாத்திரத்தைக் கைப்பிடித்துக்கொண்டு தமிழ்மக்கள் படைத்த தலைவி அவள். ஆணைகளுக்குப் பணியாத அரசி ஒருத்தியின் கதையை அறிய விரும்பியவர்கள், அவளைத் தேடி வந்தவன் யார் என்று கேட்டார்கள். அவ்வாறு கேட்டவர்கள் பாரதத்துக்குள்ளே வந்து சேர்ந்தார்கள். பெரிய எழுத்துப் பதிப்புகளாக அச்சேறி, திண்ணைதோறும் உரக்கப் படிக்கப்பட்ட நூல்கள் அவை. பின்னர் அவை நாடகமேடை ஏறின. 1934-ஆம் ஆண்டில் வெளிவந்த 'பவளக்கொடி' படத்திலேதான் எம். கே. தியாகராஜ பாகவதர் முதன்முதலாகத் திரையில் தோன்றினார்.

விளையாட்டு உலகிலும் இதே செயலைக் காண்கிறோம். ஜப்பானில் 1996-இல் தொடங்கிய 'போக்கிமான்' தொடரைக் கையாலும் தொடாதிருந்த பலர், 2016-இல் வெளிவந்த 'போக்கிமான் கோ' என்னும் கிளை விளையாட்டை ஏந்திக்கொண்டு உலகெங்கும் தெருவிலே நடந்தார்கள். பெரிய கோபுரவாயில் ஒன்றிருந்தாலும், பக்கவாயில் வழியாகக் கோயிலுக்குள் வருபவர் உண்டு. எந்த வாயிலில் வந்தாலும் சேருமிடம் ஒன்றே.

மூன்றாவது வேலை சற்றுக் கடினமானது. அது மூலத்தோடு வாதிடுவது. இங்கேதான் வாமன முனிவர் நமக்கு வேண்டும்.

ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றாக எண்ணப்படும் குண்டலகேசி, நாதகுத்தனார் இயற்றிய பௌத்த நூல். செல்வக்குடியிற் பிறந்த பெண்ணொருத்தி ஒரு கள்வனைக் காதலித்து மணக்கிறாள். அவன் அவளை மலைமேல் அழைத்துச் சென்று கொல்ல நினைக்கிறான். அவள் அவனையே தள்ளி உயிர்தப்புகிறாள். பின்னர்த் துறவு பூண்டு, சமயவாதியாகி, எதிர்ப்பட்டோரையெல்லாம் வாதிலே வென்று, முடிவில் பௌத்தத்தை அடைகிறாள். இந்நூலுக்கு மறுப்பாகச் சமணப் புலவர் ஒருவர் நீலகேசியை இயற்றினார். அவர் தம் பெயரைச் சொல்லாமல் மறைந்துவிட்டார். அவர் செய்த வேலையைப் பாருங்கள். பழையனூர் நீலி என்று மக்கள் அஞ்சிய பேயுருவம் ஒன்று முன்னமே நாட்டிலே வழங்கிவந்தது. அந்த நீலியைக் கதைத்தலைவி ஆக்கினார். முனிச்சந்திரர் என்ற சமண முனிவரை அச்சுறுத்தச் சென்றவள், அவரால் அறங்கேட்டுத் திருந்தி, அவர் கொள்கையைப் பரப்பப் புறப்படுகிறாள். அவள் நேரே சென்று வாதிடுவது யாரோடு? குண்டலகேசியோடு! ஒரு நூலின் தலைவி மற்றொரு நூலின் தலைவியைச் சந்தித்து அவளை வெல்கிறாள். பல தொடர்களின் வீரர்களை ஓரரங்கிலே கொண்டுவந்து மோதவிடும் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்' என்ற விளையாட்டு 1999-இல் வந்தபோது அதனைப் புதுமை என்றார்கள். தமிழ்ப் புலவர் அதனை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கிறார். அவர் மோதவிட்டது கைவலிமையை அன்று, கருத்துவலிமையை.

இந்த நீலகேசிக்குச் சமயதிவாகரம் என்னும் உரை கண்டவர் வாமன முனிவர். அவரே திருப்பருத்திக்குன்றத்தில் வாழ்ந்த மல்லிசேன வாமனர் என்பது அறிஞர் கொள்கை. உரையாசிரியர் என்ற முறையில் அவருக்கு ஒரு கடமை இருந்தது. மறுப்பை விளக்க வேண்டுமானால் மறுக்கப்படுவது இன்னதென்று முதலில் சொல்லவேண்டும். ஆதலின் அவர் குண்டலகேசியின் கதையைத் தம் உரையிலே எடுத்துச் சொன்னார். அதன் பாடல்கள் பலவற்றின் முதற்குறிப்புகளையும் தந்தார்.

காலம் சென்றது. பௌத்தம் தமிழ்நாட்டிலே மங்கியது. குண்டலகேசியை ஓலையில் எழுதிப் போற்றுவார் இல்லாமற் போயினர். அந்தக் காப்பியம் மறைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1898-இல் மணிமேகலையையும் அச்சிட்டு உலகுக்கு வழங்கினார். குண்டலகேசியின் முழு நூல் அகப்படவே இல்லை. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936-இல் நீலகேசியை வாமன முனிவர் உரையோடு வெளியிட்டார். இன்று குண்டலகேசியின் கதை தமிழில் எவ்வாறு சொல்லப்பட்டது என்று அறிய விரும்புவோர், அதனை அழிக்கப் புறப்பட்ட நூலின் உரையையே திறக்கவேண்டியிருக்கிறது. புறத்திரட்டு முதலியவற்றில் எஞ்சிய சில பாடல்களோடு, எதிரியின் கைப்பட எழுதிய இந்தக் குறிப்பே அந்தப் பெருங்காப்பியத்துக்கு நம்மிடம் உள்ள அடையாளம்.

மாணவ நண்பர்களே, இந்த ஒரு செய்தியை மட்டும் நீங்கள் நினைவிற் கொண்டாலும் என் பேச்சு பயன்பட்டதாகும். மூலம் நிலைத்து நிற்கும், கிளைதான் உதிர்ந்துபோகும் என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். இங்கே மூலம் பட்டுப்போயிற்று. கிளை அதன் விதையைக் காத்துத் தந்தது. மறுப்பதற்காக எழுந்த கிளைகூட இத்தகைய தொண்டைச் செய்யுமானால், அன்பினால் எழுந்த கிளைகள் எவ்வளவு செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்.

வாமன முனிவர் உரையாசிரியராக மட்டும் இருக்கவில்லை. தாமே ஒரு கிளைக்கதையைப் படைத்தவர் அவர். சமணர்களின் மாபுராணம் அறுபத்துமூன்று பெருமக்களின் வரலாற்றைச் சொல்லும் பெருந்தொடர். தீர்த்தங்கரர் இருபத்துநால்வர், சக்கரவர்த்திகள் பன்னிருவர், பலதேவர் ஒன்பதின்மர், வாசுதேவர் ஒன்பதின்மர், பிரதிவாசுதேவர் ஒன்பதின்மர் ஆக அறுபத்துமூவர். அத்தொடரிலே பதின்மூன்றாம் தீர்த்தங்கரராகிய விமலநாதரின் வரலாற்றில், அவருடைய கணதரர்களாகிய மேரு, மந்தரர் என்ற இருவர் வருகின்றனர். இவ்விருவரின் பல பிறவிகளை எடுத்துக்கொண்டு ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட பாடல்களில் மேருமந்தர புராணம் என்னும் தமிழ்நூலை வாமன முனிவர் இயற்றினார். அதிலே சுவையான ஒரு பகுதி உண்டு. வணிகன் ஒருவன் தன் மணிகளை ஓர் அமைச்சனிடம் அடைக்கலமாக வைக்கிறான். அமைச்சன் அவற்றைப் பெறவே இல்லை என்று சாதிக்கிறான். வணிகன் பித்தனைப் போலப் புலம்பித் திரிகிறான். உண்மையை உணர்ந்த அரசி, அமைச்சனோடு சூதாடி அவனுடைய மோதிரத்தை வெல்கிறாள். அதனை அடையாளமாகக் காட்டி அவன் வீட்டிலிருந்தே மணிகளை வரவழைக்கிறாள். தீர்த்தங்கரரின் பெருவரலாற்றிலே இத்தகைய ஏழை வணிகனுக்கும் அறிவுடைய அரசிக்கும் இடம் விரித்துக்கொடுக்க முடியாது. கிளைக்கதையிலே முடிகிறது.

நான்காவது வேலையைச் சொல்வதற்கு முன், திருப்பருத்திக்குன்றத்துச் சங்கீத மண்டபத்தின் விதானத்தை அண்ணாந்து பார்க்கவேண்டும். அங்கே வரிசை வரிசையாக வண்ண ஓவியங்கள் உள்ளன. இருகப்பர் காலத்து ஓவியத்தின் எச்சமும், அதற்குப் பின்னர் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் தீட்டப்பட்டனவும் அங்கே இருப்பதாக வல்லுநர் கூறுவர். ஆதிநாதராகிய இடபதேவரின் வரலாறும் வர்த்தமானரின் வரலாறும் அவற்றிலே உள்ளன. அவற்றோடு கண்ணனும் இருக்கிறான்! சமணர் கோயிலிலே கண்ணனுக்கு என்ன வேலை என்று முதன்முறை பார்ப்பவர் திகைப்பர். அந்தத் திகைப்பிலேதான் பாடம் இருக்கிறது.

சமண நூல்களின்படி இருபத்திரண்டாம் தீர்த்தங்கரராகிய நேமிநாதர், சமுத்திரவிசயரின் மைந்தர். அந்தச் சமுத்திரவிசயரின் தம்பியே வசுதேவர். வசுதேவரின் மக்களே பலராமனும் கண்ணனும். ஆகவே நேமிநாதரும் கண்ணனும் பெரியப்பன் சிற்றப்பன் மக்கள். நேமிநாதருக்குத் திருமணம் நிச்சயமாகிறது. மணமகனாக அவர் தேரில் வரும்போது, விருந்துக்கென அடைக்கப்பட்டிருந்த விலங்குகளின் கதறல் அவர் செவியில் விழுகிறது. என் மணவிழாவுக்காகவா இவை மடியவேண்டும் என்று உள்ளம் உருகி, தேரைத் திருப்பித் துறவு பூண்கிறார். இவ்வரலாற்றைச் சொல்லவேண்டுமானால் அவர் குடும்பத்தைச் சொல்லவேண்டும். குடும்பத்தைச் சொன்னால் கண்ணனைச் சொல்லாமல் இருக்க இயலாது. கண்ணன் அங்கே ஒன்பதாவது வாசுதேவன். அவனை எதிர்த்த சராசந்தன் பிரதிவாசுதேவன்.

நம்மிற் பெரும்பாலோர் கண்ணன் கதையை மூலம் என்று கொண்டு வளர்ந்தோம். அம்மண்டபத்திலே நிற்கும்போது அது நேமிநாதர் வரலாற்றின் கிளை. இவ்விரண்டில் எது சரி என்று நான் தீர்ப்புக்கூற வரவில்லை. நிற்கும் இடத்தைப் பொறுத்தே ஒன்று மூலமும் மற்றொன்று கிளையும் ஆகிறது என்பதே நான் சொல்ல வந்தது. கிளைக்கதையின் நான்காவது வேலை இது. ஒரே கதையைப் பல சமயத்தாரும் பல குடியினரும் தத்தமக்கு உரியதாக்கிக் கொள்ள அது இடமளிக்கிறது. அவ்வாறு இடமளித்ததால், சிறுபான்மையினராக வாழ்ந்த தமிழ்ச் சமணர், அண்டை வீட்டாரின் கண்ணனைத் தம் உறவினனாகக் கண்டனர். காஞ்சியின் ஒரு பக்கத்திலே அவன் திருமால். மற்றொரு பக்கத்திலே தீர்த்தங்கரரின் உறவினன். இரு பக்கத்தாரும் ஒரே குழந்தையின் குறும்பைக் கண்டு மகிழ்ந்தார்கள்.

ஓவியங்களின் அடியிலே இன்ன காட்சி என்று விளக்கும் சொற்களும் எழுதப்பட்டுள்ளன. அவற்றையும் ஓவியங்களையும் ஆராய்ந்து, டி. என். இராமச்சந்திரன் அவர்கள் எழுதிய நூலைச் சென்னை அரசாங்க அருங்காட்சியகம் 1934-இல் வெளியிட்டது. இன்று அவ்விதானத்திலே பல இடங்களில் வண்ணம் மங்கியும் உதிர்ந்தும் இருக்கிறது. அங்கே உதிரும் ஒவ்வொரு சில்லும் ஒரு கதையின் ஒரு சொல் என்றே எனக்குத் தோன்றியது.

இனி, எல்லாக் கிளைகளும் நல்லவைதாமா என்று கேட்பீர்கள். அல்ல. மூலத்தின் பெயரை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு, அதன் புகழை விற்றுப் பிழைப்பனவும் உண்டு. வீடியோ விளையாட்டுகளிலும் உண்டு, நூல்களிலும் உண்டு. நல்லதையும் அல்லதையும் எவ்வாறு பிரித்தறிவது? காஞ்சித் தறியே நமக்கு அளவுகோல் தருகிறது.

காஞ்சிப் பட்டிலே கோர்வை என்று ஒரு முறை உண்டு. சேலையின் உடல் ஒரு வண்ணம், கரை வேறு வண்ணம். மூன்று நாடாக்கள் ஓடும். நெய்பவர் ஒருவர், கரை நாடாவை எறிந்து துணைசெய்பவர் ஒருவர் என இருவர் தறியில் இருப்பர். ஒவ்வோர் இழையிலும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கொக்கிபோலக் கோத்துக்கொள்ளும். கரை தன் வண்ணத்தை இழப்பதில்லை. உடலும் தன் வண்ணத்தை விடுவதில்லை. அவ்விடத்தைப் பற்றி இழுத்தாலும் பிரிவதில்லை. துணி நெய்தபின் கரையைத் தனியே ஒட்டவைத்தால் சில நாளில் அது கழன்றுவிடும்.

நல்ல கிளைக்கதை கோர்வை போன்றது. அதனிடம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். மூலத்தை அறியாதவன் படித்தாலும் அதற்கென ஒரு சுவை இருக்கிறதா? மூலத்தை அறிந்தவன் படித்தால், மூலத்திலே முன்பு காணாத ஒன்றைக் காண்கிறானா? மூலத்தால் செய்ய இயலாத ஏதேனும் ஒன்றை அது செய்கிறதா? மணிமேகலை இம்மூன்றுக்கும் விடை சொல்லும். நீலகேசி விடை சொல்லும். அல்லியும் தன் போக்கிலே விடை சொல்லுவாள். நீங்கள் கையில் எடுக்கும் விளையாட்டையும் இக்கேள்விகளால் சோதித்துப் பாருங்கள். ஒரு தொடரின் பெயர் மேலே பொறித்திருக்கிறது என்பதற்காகப் பாராட்டவும் வேண்டா, பழிக்கவும் வேண்டா.

மேலும் ஒன்றை எண்ணவேண்டும். கிளை என்று பிறந்தது என்றும் கிளையாகவே இருக்கவேண்டும் என்ற விதி இல்லை. பாரதப் போரிலே அருச்சுனன் மகன் அரவான் பெரிய பாத்திரம் அல்லன். தமிழ்நாட்டிலே அவன் களப்பலியானான் என்ற கதை வளர்ந்தது. விழுப்புரத்தை அடுத்த பகுதியிலுள்ள கூவாகத்தில் கூத்தாண்டவர் என்ற பெயரில் அவனுக்குக் கோயில் இருக்கிறது, சித்திரைத் திருவிழா நடக்கிறது. உலகத்தால் புறந்தள்ளப்பட்ட திருநங்கையர் அவனையே தம் கணவனாக எண்ணித் தாலி கட்டிக்கொண்டு, அவன் மாண்டதும் அழுது தாலி அறுக்கின்றனர். அவர்களுக்கு அரவான் கதைதான் பாரதம். மற்றவை யாவும் அதன் கிளைகள். குரங்கின் பெயரால் வந்த விளையாட்டிலே ஏணி ஏறிய தச்சன் ஒரு பெருந்தொடரின் தலைவனானதும் இவ்வகையே. இன்று கிளையாக நிற்பது நாளை எதனைத் தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் இயலாது.

இயலாது என்பதனால்தான் காத்தல் நம் கடமையாகிறது. இது பெரிது, இது சிறிது, இது மூலம், இது வெறுங்கிளை என்று தரம்பிரித்து, சிறியதைக் கரையானுக்கு விட்டுவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. வளையாபதி முழுமையாகக் கிடைக்கவில்லை. குண்டலகேசி போய்விட்டது. பாட்டிமார் பாடிய அம்மானைகளும் மாலைகளும் எத்தனை போயின என்று கணக்கெடுத்தவர் இல்லை. விளையாட்டு உலகிலும் நிலைமை வேறன்று. இயக்கும் கருவி பழுதாகிவிட்டால் பழைய விளையாட்டும் அதனோடு மௌனமாகிவிடும். முதன்மையானவற்றை மீண்டும் வெளியிடுவார் உண்டு. ஓரத்திலே பிறந்த கிளைகளைத் தேடிக் காப்பவர் சிலரே.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உங்கள் ஊரிலே கூத்தர் பாடும் கதை அச்சுப் புத்தகத்தில் இல்லாததாக இருந்தால், அதனைத் தவறு என்று திருத்த முற்படாதீர்கள். எழுதி வையுங்கள். உங்கள் வீட்டுப் பாட்டி சொல்லும் இராமாயணத்திலே கம்பர் சொல்லாத பாத்திரம் வந்தால், அவர் யார், எந்த ஊரார் கதை என்று கேளுங்கள். காஞ்சிக்குச் செல்வீர்களானால், பெருங்கோயில்களை வணங்கியபின் வேகவதிக் கரைக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். அங்கே மண்டபத்திலே நின்று மேலே பாருங்கள். நேமிநாதரின் வரிசையிலே உங்களுக்குத் தெரிந்த கண்ணன் இருப்பான். அவனைக் கண்டு புன்னகை செய்துவிட்டு, அவன் அருகே நிற்கும் தெரியாதவர்களின் பெயரையும் கேட்டறியுங்கள்.